மக்கள் பிரதிநிதியும் தொகுதிக் குடியிருப்பும்

முன்னுரை

மக்களாட்சி என்பது மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் முறை என்பர். ஆயின் எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஆளுதல் இயலாது. ஆகவே நமக்காகப் பேச ஒருவரைத் தேர்ந்து மன்றத்திற்கு அனுப்புகிறோம். அவ்வாறு அனுப்பப்படுபவர் நம் பகுதியிலேயே குடியிருப்பவராக இருத்தல் வேண்டுமா? தேர்தல் வரும்போதெல்லாம் ‘வெளியூர் வேட்பாளர்’, ‘மண்ணின் மைந்தர்’ என்னும் சொற்கள் சுவர்களிலும் மேடைகளிலும் காணப்படுகின்றன. தேர்தல் முடிந்ததும் அச்சொற்கள் மறைந்துவிடுகின்றன. ஆனால் கேள்வி மறைவதில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாயடிப் பாடம்

என் ஊர் இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கும் ஆரோவிலுக்கும் அருகே அமைந்த சிற்றூர். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் எங்கள் ஊருக்குப் பெருமை தருவது. நாங்கள் குடியிருப்பது ஊரை அடுத்த காலனியில்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவிற்குக் குடிநீர்க் குழாய் வேண்டி என் தந்தையார் ஒரு மனு எழுதினார். அதனைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் பிரதிநிதி ஒருவரின் வீட்டிற்குச் சென்றார். முதல் நாள் “சென்னையில் இருக்கிறார்” என்றார்கள். அடுத்த வாரம் “இப்போதுதான் புறப்பட்டார்” என்றார்கள். மூன்றாம் முறை வாயிற்கதவு பூட்டியிருந்தது. அன்று கூலியையும் இழந்து வீடு திரும்பிய தந்தையார் அம்மாவிடம், “வீடு இருக்குது, ஆளுதான் இல்ல” என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

பின்னர் அம்மனு எங்கள் வார்டு உறுப்பினரின் கைக்குச் சென்றது. அவர் எங்கள் வீட்டிற்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். நான் ‘பெரியம்மா’ என்று அழைப்பேன். அவர் அதிகம் படித்தவரல்லர். மனுவை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ஊராட்சித் தலைவரிடம் சென்றார். அங்கிருந்து ஒன்றிய அலுவலகம் சென்றார். மீண்டும் மீண்டும் சென்றார். சில மாதங்களில் குழாய் வந்தது. அவர் நல்லவர் என்பதால் மட்டும் அது நடந்துவிடவில்லை. எங்கள் குடம் காலியாக இருந்த நாள்களில் அவர் வீட்டுக் குடமும் காலியாகவே இருந்தது. அவர் எங்களிடமிருந்து ஒளிய இயலாது. விடிந்தால் அதே குழாயடிக்குத்தான் அவரும் வரவேண்டும்.

குடியிருப்பதன் பயன் யாது என்று எனக்குக் கற்பித்தது இந்நிகழ்ச்சியே. அதன் எல்லை யாது என்று கற்பித்ததும் இதுவே. ஏனெனில் தந்தையார் முதலில் தேடிச் சென்ற அந்தப் பெரியவருக்கும் தொகுதிக்குள் ஒரு வீடு இருந்ததல்லவா!

சட்டம் கூறுவது

இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்னும் சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, சட்டமன்றத்திற்குப் போட்டியிடுபவர் அம்மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். மக்களவைக்குப் போட்டியிடுபவர், ஒருசில விலக்குகள் நீங்கலாக, நாட்டின் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம். தனித்தொகுதியாயின் அவர் பட்டியலினத்தைச் சார்ந்தவராக இருத்தல் வேண்டும்.

மாநிலங்களவைக்கு முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உறுப்பினர் தாம் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத்திலேயே வாக்காளராக இருக்கவேண்டும் என்பது அது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

சட்டத்தில் சுவையான வேறொரு செய்தியும் உண்டு. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எத்தொகுதியில் ‘வழக்கமாகக் குடியிருக்கிறாரோ’ அத்தொகுதியில்தான் அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்கிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக உள்ளது என்னும் ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் அச்சட்டம் விளக்குகிறது. என் தந்தையார் கூறிய “வீடு இருக்குது, ஆளுதான் இல்ல” என்பதைச் சட்டமும் தன் மொழியில் கூறியிருக்கிறது எனலாம்.

இனி ஊராட்சிக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ போட்டியிடுபவரின் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிலேயே இருத்தல் வேண்டும். அஃதாவது, சட்டப்படி அவர் அவ்வூரில் குடியிருப்பவர். அதிகாரமும் பணமும் குறைந்த பிரதிநிதியே ஊரில் இருக்க வேண்டியவர். சாலை, பேருந்து, மருத்துவமனை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மன்றங்களில் அமர்பவர் எங்கேனும் இருக்கலாம். இம்முரண்பாடு நம் சிந்தனைக்கு உரியது.

பழந்தமிழகமும் பிற நாடுகளும்

பிரதிநிதி உள்ளூரில் குடியிருக்க வேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தந்தக் குடும்பில் உள்ளவர்கள் கூடித் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவராகவும், தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும், முப்பத்தைந்து வயதிற்குமேல் எழுபது வயதிற்குட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை.

இதனை நாம் பெருமையோடு படிக்கிறோம், படிக்கவும் வேண்டும். எனினும் அஃது அந்தணர் ஊர்ச்சபை என்பதை மறத்தலாகாது. நிலமும் சொந்த மனையும் கல்வியும் தகுதியாக வைக்கப்பட்ட அவ்விடத்தில், எங்கள் தெருவாரைப் போன்றோரின் பெயர் ஓலையில் ஏறியிருக்காது. ‘குடியிருப்பு’ என்னும் தகுதி நன்மைக்காக வைக்கப்படலாம். அதுவே பலரை வெளியே நிறுத்தும் கதவாகவும் ஆகலாம் என்பது இதனால் விளங்கும்.

இங்கிலாந்தில் 1413ஆம் ஆண்டிலேயே, பாராளுமன்ற உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் குடியிருப்பவராக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தனர். நாளடைவில் அதனை எவரும் மதிக்கவில்லை. முடிவில் 1774இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் நகரின் உறுப்பினரானார். உறுப்பினர் என்பவர் தொகுதியின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூதர் அல்லர். நாடு முழுவதன் நலத்தைத் தம் அறிவால் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவர் என்பது அவர் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆனால் அவர் பிரிஸ்டலுக்கு வருவதே அரிதாயிற்று. 1780இல் அத்தொகுதியை அவர் இழந்தார்.

அமெரிக்க அரசியலமைப்பு, பிரதிநிதி அந்த மாநிலத்தில் வாழ்பவராக இருக்கவேண்டும் என்று மட்டுமே கூறுகிறது, தொகுதியைக் குறிப்பிடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்போ, மாவட்டப் பிரதிநிதி அம்மாவட்டத்தில் ஓராண்டேனும் குடியிருந்திருக்க வேண்டும் என்கிறது. உலகம் இதில் ஒரே முடிவிற்கு வரவில்லை என்பது தெளிவு.

வெளியூரார் வென்ற வரலாறு

தமிழக வரலாற்றைப் பார்த்தால், மக்கள் வெளியூராரைப் பலமுறை ஏற்றுள்ளனர். பெருந்தலைவர் காமராசர் விருதுநகரில் பிறந்தவர். 1954இல் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்றத்திற்குச் சென்றது வடஆர்க்காட்டுக் குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாக. 1967இல் சொந்த ஊராகிய விருதுநகர் அவரைத் தோற்கடித்தது. 1969இல் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது. பேரறிஞர் அண்ணாவும் பிறந்த ஊராகிய காஞ்சிபுரத்தில் 1957இல் வென்று 1962இல் தோற்றார். எம்.ஜி.ஆர். 1984இல் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தவாறே ஆண்டிப்பட்டியில் வெற்றி பெற்றார்.

நம் தென்னார்க்காட்டிலும் சான்று உண்டு. கடலூரைச் சார்ந்த எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் 1980, 1984 ஆகிய இரு தேர்தல்களிலும் திண்டிவனம் மக்களவைத் தொகுதியில் வென்றார்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட சான்று ஒன்றுண்டு. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் வாழ்ந்தவர். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து அவரால் செல்ல இயலவில்லை. யோகேந்திரநாத் மண்டல் முதலியோரின் துணையால் வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டுப் பிரிவினையால் அவ்விடம் போனபிறகே, 1947இல் பம்பாயிலிருந்து மீண்டும் சபைக்கு வந்தார். ‘உள்ளூரில் குடியிருப்பவரே வரவேண்டும்’ என்ற விதி அன்று கண்டிப்பாக இருந்திருந்தால், அண்ணல் அச்சபையில் முதலில் நுழைந்த வழியே அடைபட்டிருக்கும். சொந்த இடத்தில் பெரும்பான்மையோர் கதவடைக்கும்போது, வேறிடத்தில் ஒரு கதவு திறந்திருத்தல் ஒடுக்கப்பட்டோர்க்கு இன்றியமையாதது.

எல்லைக்கோடும் அண்மையும்

‘தொகுதிக்குள் குடியிருப்பவர்’ என்றால் ‘நமக்கு அருகில் இருப்பவர்’ என்று பொருளாகுமா? விழுப்புரம் மக்களவைத் தொகுதி 2008ஆம் ஆண்டுச் சீரமைப்பில் உருவாயிற்று. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோயிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கின. உளுந்தூர்பேட்டை 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. இரும்பையிலிருந்து அங்கே செல்ல விழுப்புரத்தையும் கடக்க வேண்டும். புதுச்சேரியோ எங்களுக்குப் பக்கத்தில் உள்ளது. எங்கள் ஊரார் வேலைக்கும் மருத்துவத்திற்கும் நாள்தோறும் செல்வது அங்கேதான். ஆயினும் இச்சீரமைப்பின்படி உளுந்தூர்பேட்டையில் குடியிருப்பவர் எங்களுக்கு உள்ளூரார். புதுச்சேரியில் குடியிருப்பவர் வெளியூரார்! கோடு வரைந்தவர் கையில் வரைபடம் இருந்தது. பேருந்துத் தடம் இல்லை போலும்.

கோடு மாறினால் மனிதரும் மாற வேண்டியுள்ளது. திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியில் 2001, 2006 ஆகிய தேர்தல்களில் வென்றவர் சி. வி. சண்முகம். சீரமைப்பில் திண்டிவனம் தனித்தொகுதியாயிற்று. அவர் 2011இலும் 2016இலும் விழுப்புரத்தில் நின்று வென்றார். குடியிருப்பைச் சட்டமாக்கினால், கோடு மாறும்போதெல்லாம் வீடும் மாற வேண்டும். அப்போது பெயருக்கு வாடகை வீடு பிடித்துப் பூட்டி வைப்பவர் பெருகுவரேயன்றி, குடியிருப்பவர் பெருகமாட்டார்.

ஊரும் காலனியும்

இன்னொன்றையும் மறைக்காமல் கூற விரும்புகிறேன். எங்கள் வானூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின் வழியில் வந்த முறை இது. வேட்பாளர் பட்டியலினத்தவர், வாக்களிப்போர் எல்லாச் சமூகத்தினரும். ஆகவே வெற்றி பெற்றவர் எல்லாத் தெருக்களுக்கும் உரியவர். ஆனால் ‘ஊரில் இருக்கிறார்’ என்று சொல்லும்போது எந்த ஊர் என்று கேட்கவேண்டியுள்ளது. நம் சிற்றூர்கள் பலவற்றில் ஊர் ஒன்று, காலனி ஒன்று என இரண்டு உண்டு. இரண்டிற்கும் இடையே நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை வாழ்நாள் முழுதும் நடக்காதவர்களும் உள்ளனர். பிறந்தது முதல் அதே ஊரில் வாழ்ந்தும் காலனிக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அறியாதவர், குடியிருப்பு விதிப்படி முழுத்தகுதி உடையவரே. நூறு கல் தொலைவிலிருந்து வந்து, தெருத்தெருவாக நடந்து, பெயர் சொல்லி விசாரிப்பவர் அவ்விதிப்படி தகுதியற்றவர். எனவே குடியிருப்பு விதி ஒன்றே நமக்கு நீதி வழங்கிவிடாது.

ஐந்தாண்டு வெறுமை

இவ்வாறு கூறுவதால் உள்ளூர்ப் பிரதிநிதி வேண்டியதில்லை என்பது என் கருத்தன்று. உள்ளூர்ப் பிரதிநிதியின் அருமையை அவர் இல்லாதபோது உணர்ந்தவன் நான்.

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அவ்வாண்டு நடைபெறவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் கவனித்தனர். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. புதிய மாவட்டப் பிரிவினையை ஒட்டி ஒத்திவைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் நமக்குத் தேர்தல் வந்தது. ஆக, ஐந்தாண்டுக் காலம் எங்கள் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 1993 முதல் கூறிவருவது குறிப்பிடத்தக்கது. 27 மாவட்டங்களிலும் 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே வந்தனர்.

அந்த ஐந்தாண்டில் ஒரு கோடையில் எங்கள் மின்மோட்டார் பழுதாயிற்று. தெருப்பெண்கள் வழக்கம்போல் பெரியம்மாவின் வாசலில் கூடினர். அவர், “நான் இப்ப யாருமில்லையேம்மா, யாருகிட்டப் போய் என்னன்னு சொல்லுவேன்?” என்றார். அலுவலரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குக் கவனிக்கப் பல ஊர்கள். ஆனால் அவர் வீட்டுக் குடம் எங்கள் குழாயை நம்பியிருக்கவில்லை. பெரியம்மா அதே வீட்டில்தான் இருந்தார். அவரிடமிருந்த பதவிதான் இல்லை. தந்தையார் அன்று கண்டது ஆளில்லாத வீடு. நாங்கள் இப்போது கண்டது அதிகாரமில்லாத ஆள். இரண்டிலும் குடம் காலிதான்.

சட்டமன்ற உறுப்பினர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று மேடைகளில் வழக்காடுகிறோம். சட்டப்படியே நம்மோடு குடியிருக்க வேண்டிய பிரதிநிதி ஐந்தாண்டு இல்லாமல் போனதைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினோம்?

செய்யத்தக்கன

இவ்வாராய்ச்சியிலிருந்து நான் கொண்ட முடிவுகள் மூன்று.

முதலாவது, ஊராட்சித் தேர்தல்கள் எக்காரணத்தாலும் தள்ளிப்போகாமல் உரிய காலத்தில் நடைபெறல் வேண்டும். பிரதிநிதி அருகில் இருக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது இதுவே. அருகில் இருப்பவர்க்குப் போதிய பணமும் அதிகாரமும் தரப்படல் வேண்டும் என்பதும் இதனுள் அடங்கும்.

இரண்டாவது, பிரதிநிதி மக்கள் முன் வந்து அமர்வதைக் கடமையாக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என்னும் இரு நாள்கள் சேர்க்கப்பட்டன. ஒரு தொகுதியில் பல ஊராட்சிகள் இருப்பதால் எல்லாவற்றிற்கும் ஒருவர் செல்ல இயலாது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஓர் ஊர் என முறைவைத்துச் செல்லலாம். ஏனைய ஊர்களின் தீர்மானங்களுக்கு எழுத்தில் விடை தரலாம். கூட்டம் ஒருமுறை ஊரில் கூடினால் மறுமுறை காலனியில் கூடட்டும்.

மூன்றாவது, வேட்பாளரின் சொத்து, கல்வி, குற்றவழக்கு ஆகியவற்றை வாக்காளர் அறிய வேண்டும் என 2002இல் உச்சநீதிமன்றம் கூறியபின், அவை உறுதிமொழிப் பத்திரத்தில் தரப்படுகின்றன. மீண்டும் போட்டியிடும் உறுப்பினர், கடந்த ஐந்தாண்டில் தொகுதியில் எத்தனை நாள் இருந்தார், எந்தெந்த ஊர்களில் மக்களைச் சந்தித்தார் என்பதையும் அதிலேயே கூறட்டும். பிறகு மதிப்பெண் இடுவது நம் வேலை.

முடிவுரை

சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் தொகுதியில் குடியிருத்தல் நன்று. ஆனால் அதனைச் சட்டமாக்குதல் பயன் தராது. அது வெறும் வீடுகளையே பெருக்கும். அம்பேத்கர் போன்றோர்க்குத் திறந்திருக்க வேண்டிய கதவையும் அடைக்கும். நமக்கு வேண்டியது, மேலே உள்ளவர் தவறாது வந்து விடை சொல்லும் கடமையும், அருகில் உள்ளவர்க்கு உரிய காலத்தில் தேர்தலும் அதிகாரமும் ஆகும்.

என்னோடு பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வாக்காளர் ஆகிவிட்டோம். ஆனால் கிராமசபையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்? படித்த நாம் வெளியூர் வேட்பாளரைப் பற்றிப் பேசிக்கொண்டே, உள்ளூர்க் கூட்டத்திற்கு வெளியூராராக இருந்துவிடுகிறோம். அடுத்த கிராமசபையன்று நான் எங்கள் பெரியம்மாவோடு சென்று அமரப்போகிறேன். கையில் ஒரு மனுவும் இருக்கும். நீங்களும் உங்கள் ஊரில் அவ்வாறே செய்வீர்களாக!